பிர்ச் கிளை கட்டிய வேலி

வேலியில் கோணிச்சாக்கு தொங்கக்கூடாது என்று டைரக்டர் விதோல்ட் சொன்னபோது கிங்கா அவருடன் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். கலினூவ் மிருகக்காட்சி சாலையில் குளம்புள்ள மிருகங்களுக்கெல்லாம் பொறுப்பு அவள்தான்; அந்த மனுஷனோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியே பழகியவள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு மனசு குளிர்ந்திருந்தது. பெரிய விஷயத்தில் ஜெயித்தாகிவிட்டது, போயும் போயும் சாக்கில் விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்துவிட்டாள்.

பெரிய விஷயம் என்பது புல்வெளி. வெளிமான்கள் அதுவரை இருந்தது யானைக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சிமெண்டு முற்றத்தில். ஓடுவதற்கென்றே பிறந்த மிருகம் அது. அங்கே நாலு தாவல் தாவினால் சுவர் வந்துவிடும். தேய வழியில்லாமல் குளம்பு பழைய செருப்பு மாதிரி நீண்டு வளைந்து போகும், மயக்க ஊசி போட்டு வெட்டிவிட வேண்டும். ஒளிந்துகொள்ள ஒரு செடி கிடையாது. மூன்று பக்கமும் ஜனங்கள் நின்றுகொண்டு காய்ந்த ரொட்டியை எறிவார்கள். ஃபசோலா என்று ஒரு கிழட்டுப் பெண்மான், கம்பியை ஒட்டியே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாளெல்லாம் நடந்து நடந்து சிமெண்டிலேயே தடம் போட்டுவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கிங்காவுக்கு வயிறு எரியும். மனுஷன் அப்படி நடந்தால் டாக்டரைக் கூப்பிடுவார்கள். மான் நடந்தால், "பாரேன், எவ்வளவு சுறுசுறுப்பு!" என்று படம் பிடிப்பார்கள்.

காட்சி சாலையின் கோடியில் யாரும் ஆடாத ஒரு கால்பந்து மைதானம் கிடந்தது. அதை வாங்கித் தரச் சொல்லி அவள் நகராட்சியில் ஏறாத படி இல்லை. கடைசியில் கிடைத்தது. நடுவில் ஒரு மேடு எழுப்பினாள். மேட்டுக்கு இந்தப் பக்கம் குட்டைப் புல், அந்தப் பக்கம் இடுப்பளவுப் புல். ஹெட்மன் என்கிற கறுத்த ஆண்மான் மற்றதுகளை விரட்டிவிட்டு எல்லாவற்றையும் தானே தின்னாமலிருக்க, வைக்கோல் தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்தாள். வாசலில் குளம்பு தேயச் சரளைக்கல் போட்டாள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஜனங்கள் நடக்கும் பாதையை ஒரு நீளப் பக்கத்திலும் கோடியிலும் மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் யாரும் வராமல் பார்த்துக்கொண்டாள். இதைத்தான் டைரக்டரால் ஜீரணிக்க முடியவில்லை.

"ஜனங்க டிக்கெட் வாங்கறது புல்லைப் பாக்கவா, பானி கிங்கா?" அந்த ஊரில் மரியாதைக்குப் பெண்ணைப் பானி என்றும் ஆணைப் பான் என்றும் கூப்பிடுவார்கள்.

"மானைப் பாக்கத்தான். மான் மான் மாதிரி இருந்தாத்தானே அது மானு, பான் டைரக்டர்?"

"ஒளிஞ்சுக்கிச்சுன்னா?"

"ஒளிஞ்சுக்க இடம் இருந்தா பயம் போயிடும். பயம் போனா தானா வெளிய வரும். எனக்குச் சந்தேகமே இல்ல."

"உங்களுக்கு எப்பத்தான் சந்தேகம் வந்துது?" என்றார் அவர். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். திறக்கற அன்னைக்கு ஒரு மான் வேலியில மோதி விழுந்தாலும், மந்தை மொத்தமும் வேற ஊருக்குப் போயிடும். மைதானத்துல ஆட்டுக்குட்டியும் குழந்தைங்க குதிக்கற மெத்தையும் போட்டுடுவேன். இன்னொரு தடவை அதை என்னால பாக்க முடியாது."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முன்பு ஒரு முறை பழைய முற்றத்துக் கம்பியை மாற்றியபோது, புதுக் கம்பி கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இளம் ஆண்மான் நேராகப் போய் மோதி அவர் காலடியில்தான் விழுந்து செத்தது. வெளிமானுக்குப் புதுக் கம்பி என்பது வெறும் காற்று. அதனால்தான் முதல் சில வாரம் வேலி முழுக்கச் சாக்கு கட்டி, "இங்கே ஒரு சுவர் இருக்கிறது" என்று அதற்குக் காட்ட வேண்டும். பழகிய பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம்.

ஆனால் திறப்பு வைத்திருந்ததோ நற்கருணைத் திருநாள் வியாழக்கிழமை. பவனி முடிந்து ஊரே பண்டிகை உடுப்போடு காட்சி சாலைக்கு வரும். மேயர் வருகிறார், பேண்டு வாத்தியம் வருகிறது. "அன்னைக்குப் போய் துவைச்ச துணி காயப்போட்ட மாதிரி சாக்கைத் தொங்க விடுவீங்களா?" என்று டைரக்டர் பொருமியபோதுதான் கிங்காவுக்கு அந்த யோசனை உதித்தது. சாக்கு வேண்டாம், பிர்ச் மரக்கிளை கட்டிவிடலாம். பச்சைப் பசேலென்று இருக்கும், மானுக்கும் தெரியும், மேயர் கண்ணுக்கும் உறுத்தாது.

புதன்கிழமை முழுக்க அவளும் பராமரிப்பாளன் பெனோனும் இன்னும் நாலு பேரும் காட்சி சாலைக் காட்டிலேயே கிளை வெட்டி, வண்டி நிறைய நிறைய ஏற்றி வந்து, வேலி நெடுகக் கட்டினார்கள். சாயங்காலம் டைரக்டர் வந்து பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அடடா! பவனிக்குப் பீடம் ஜோடிச்ச மாதிரியே இருக்கு!"

கிங்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டு அவளுக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். படவில்லை. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஆறு பேர் நாள் முழுக்க அந்தக் கிளைகளைக் கட்டினார்கள், ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே! தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை கிங்காவும் பவனிக்குப் போனாள். தெருமுனைகளில் நாலு பீடம், நாலுக்கும் இரண்டு பக்கமும் பிர்ச் கிளை. வெள்ளை கவுன் போட்ட சிறுமிகள் பூ இறைத்துக்கொண்டு போக, நாலாவது பீடத்தில் ஆசீர்வாதம் முடிந்து பாதிரியார் முதுகைத் திருப்பியதுதான் தாமதம், ஜனங்கள் பீடத்தின் மேல் விழுந்து கிளைகளை ஒடிக்க ஆரம்பித்தார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். மந்திரித்த பிர்ச் கிளை வீட்டில் இருந்தால் இடி விழாது. முட்டைக்கோஸ் பாத்தியில் குத்தி வைத்தால் புழு வராது. கிங்கா பல்கலைக்கழகத்தில் படித்தவள். இதெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாள். ஆனால் கிளை இல்லாமல் வீட்டுக்குப் போனதே கிடையாது. அன்றைக்கும் முழங்கையால் இரண்டு பேரைத் தள்ளிவிட்டு ஒன்றை ஒடித்துக் கைப்பையில் செருகிக்கொண்டு, கூட்டத்தில் சிக்கித் தாமதமாகத்தான் காட்சி சாலைக்கு ஓடி வந்தாள்.

மான்களைக் காலையிலேயே பழைய முற்றத்திலிருந்து புதுக் கொட்டகைக்கு ஓட்டி வந்து அடைத்திருந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. உள்ளே ஹெட்மன் கொம்பால் பலகையை இடிக்கும் சத்தம் வெளியே கேட்டது.

"பானி கிங்கா, நல்ல வேளை வந்தீங்க," என்றான் பெனோன். அவன் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருந்தா ஒண்ணை ஒண்ணு குத்திக்கும். அங்க பேண்டுக்காரங்க வேற ஊதிப் பாத்துக்கிட்டு இருக்கானுங்க. மிதிபடறதுக்கு முன்னாடி விட்டுடணும்."

"விட்டுடலாம். நான் மேல ஏறிக் கை காட்டறேன், நீ கதவைத் தூக்கு."

கொட்டகை மேல் சாத்தியிருந்த ஏணியில் ஏறினாள். மைதானம் காலடியில் விரிந்து கிடந்தது. மேடு, புல், தொட்டி, மர நிழல் எல்லாம் அவள் நினைத்தபடியே. கையைத் தூக்கப் போனவள் கோடியைப் பார்த்தாள். மற்ற மூன்று பக்கமும் பச்சை அப்படியே இருந்தது, கோடியில் மட்டும் இல்லை. வேலி இருந்த இடத்தில் வெறும் வானமும், அதற்குப் பின்னால் வெள்ளைச் சட்டைகளும்தான் தெரிந்தன. கதவிலிருந்து பாய்கிற மான் நேராகப் போய்ச் சேருகிற கோடி அது. கோயிலிலிருந்து வருகிறவர்கள் நுழைகிற பின்வாசலும் அங்கேதான்.

 "திறக்காதே! நான் சொல்ற வரைக்கும் திறக்காதே!" என்று கத்திக்கொண்டே ஏணியிலிருந்து குதித்து, கைப்பை இடுப்பில் இடிக்க இடிக்க ஓடினாள்.

முதலில் எதிர்ப்பட்டது பானி கெனோவேஃபா. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாதா சபைத் தலைவி, ஊரில் யாரும் அவருக்கு எதிர்வார்த்தை பேசுவதில்லை. விறகு சுமப்பதுபோல அவர் கை நிறையக் கிளைகள்.

"பானி கெனோவேஃபா, இதை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"இதோ, இங்கதான் வேலியில. பீடத்துல எங்களுக்கு எங்க கெடச்சுது? முன்னாடி நின்ன தடியனுங்க மொட்டையடிச்சுட்டானுங்க. நீங்கதான் வயசானவங்களை நெனச்சு இங்க இவ்வளவு கட்டி வெச்சிருக்கீங்க. நல்லா இருப்பீங்கம்மா."

"ஐயோ, அது மானுக்குக் கட்டினது!"

"மானுக்கு எதுக்கும்மா? அதுக்கென்ன ஓட்டு வீடா இருக்கு, இடி விழ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிங்கா ஒரு சுற்று பார்த்தாள். எல்லார் கையிலும் கிளை. குழந்தை வண்டிகளில் கிளை, சைக்கிள்களில் கிளை, பேண்டுக்காரனின் பெரிய குழலுக்குள் கிளை. மேயர் கையில் ஒன்று. அவர் பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய நின்ற டைரக்டர் விதோல்ட் கையிலும் ஒன்று.

"பான் டைரக்டர்! நீங்களுமா?"

அவர் தன் கையைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். கொட்டகையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "பழக்க தோஷம்," என்று முனகினார். "எல்லாரும் ஒடிச்சாங்க, நானும்... நிறுத்திடுங்க. இன்னைக்கு வேண்டாம்."

"நிறுத்த முடியாது. உள்ள ஹெட்மன் இடிச்சுக்கிட்டு இருக்கு. இந்த வெயில்ல அடைச்சு வெச்சா உள்ளயே சாகும், வெளிய விட்டா இங்க வந்து சாகும்."  ஃபசோலாவின் தடம் அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. இதற்காகவா இத்தனை வருஷம் மன்றாடினோம் என்று ஆத்திரமாக வந்தது. தன் மேலேயே ஆத்திரம். "எல்லாரும் கிளையைத் திருப்பிக் குடுங்க. மறுபடியும் கட்டணும்."

"கட்டறதாவது! எல்லாத்தையும் பிச்சுப் பிச்சுப் பங்கு போட்டாச்சு," என்றார் பானி கெனோவேஃபா, கிளைகளை மார்போடு இறுக்கிக்கொண்டு. "அதுவுமில்லாம மந்திரிச்ச பொருளைத் திருப்பித் தரக்கூடாது."

"இது மந்திரிச்சதே இல்ல. நேத்து பெனோன் வெட்டினது!"

"அதுக்கென்ன, பாதிரியார் அதோ ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டு நிக்கறாரு, ஒரு சொட்டு தெளிச்சாப் போச்சு." பானி கெனோவேஃபாவின் கண் சட்டென்று கீழே இறங்கியது. "எங்களைச் சொல்ல வந்துட்டீங்களே, உங்க பையில நீட்டிக்கிட்டு இருக்கறது என்னவாம்?"

கிங்கா குனிந்து பார்த்தாள். கைப்பையிலிருந்து பிர்ச் இலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளுக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த அந்த நொடியில்தான் விஷயம் விளங்கியது. கிளைகள் எங்கேயும் போய்விடவில்லை. வேலிக்கு அரை அடி தள்ளி, ஜனங்கள் கையில் நிற்கின்றன.

"சரி, யாரும் குடுக்க வேணாம்!" என்று கத்தினாள். "கையிலயே வெச்சுக்கோங்க. ஆனா எல்லாரும் வேலியை ஒட்டி வந்து நில்லுங்க, தோளோட தோள் ஒட்டி, நடுவுல இடைவெளி இல்லாம. கிளையை முகத்துக்கு நேராத் தூக்கிப் பிடிங்க. பேண்டு மூச்சு விடக்கூடாது. யாரும் அசையக்கூடாது."

ஜனங்களை மானிடமிருந்து தள்ளி நிறுத்தவே இத்தனை வருஷம் போராடியவள், இப்போது ஊரையே கூப்பிட்டு வேலியோடு ஒட்ட வைத்தாள். டைரக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இவ்வளவு பேரு எப்படிச் சும்மா நிப்பாங்க, பானி கிங்கா? இது கலினூவ். சாவு வீட்டுலயே நம்மாளுங்க வாயை மூட மாட்டாங்க."

அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. "எல்லாரும் கேளுங்க! பூசையில பாதிரியார் அப்பத்தைத் தூக்கிப் பிடிக்கும்போது எப்படிக் கப்சிப்னு இருப்பீங்களோ, அப்படி இருக்கணும். நான் போகலாம்னு சொல்ற வரைக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பாதிரியார் பாதி ஐஸ்கிரீமைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு மேயர் பக்கத்தில் வந்து நின்றார். சளசளவென்ற சத்தம் ஓய்ந்தது.

"மண்டி போடணுமா?" என்று பானி கெனோவேஃபா கிசுகிசுத்தார்.

"வேணாம், நின்னாத்தான் மானுக்குத் தெரியும்."

கிங்கா தன் கைப்பையிலிருந்த கிளையை உருவிக்கொண்டு டைரக்டருக்கும் பானி கெனோவேஃபாவுக்கும் நடுவே போய் நின்றாள். மற்றக் கையை உயர்த்தினாள். தூரத்தில் பெனோன் கதவைத் தூக்கினான்.

முதலில் ஒன்றும் வரவில்லை. கதவுக்குப் பின்னால் இருட்டு மட்டும் தெரிந்தது. பிறகு ஹெட்மனின் முறுக்குக் கொம்பு, பிறகு கறுப்பு உடம்பு. சரளைக்கல்லில் கால் பட்டதும் திடுக்கிட்டுத் துள்ளியது. பின்னாலேயே மற்றவை குபுகுபுவென்று வந்தன. வந்த வேகத்தில் எல்லாம் சேர்ந்து ஓட்டமெடுத்தன. பிறந்ததிலிருந்து நாலு தாவலுக்கு மேல் அறியாத கால்கள் அவை. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஓடின. மேட்டைத் தாண்டி, நேராக, கோடியைப் பார்த்து வந்தன.

குளம்புச் சத்தம் தரையில் அதிர்ந்தது.  கிங்காவின் பக்கத்தில் டைரக்டர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டுவிட்டார்.  அவள் மெதுவாகத் தன் தோளை அவர் தோளோடு அழுத்திக்கொண்டாள். திரும்பு, திரும்பு, என் ராசா, திரும்பு என்று மனசுக்குள் கெஞ்சினாள். ஹெட்மனின் மூக்கு, கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையம் எல்லாம் தெரியும் அளவுக்குக் கிட்டே வந்துவிட்டது.

திரும்பியது. பச்சையைப் பார்த்து, முன்னங்காலை ஊன்றி, மண் தெறிக்கத் திரும்பியது. மந்தை முழுக்க அதன் பின்னால் வளைந்து, வேலி நெடுக ஜனங்களின் முன்னால் பாய்ந்து போயிற்று. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மறுபடியும் ஒரு சுற்று வந்தன. மறுபடியும் கோடிக்கு முன்னாலேயே, இந்த முறை பதறாமல், வளைந்து திரும்பின. மூன்றாவது சுற்றில் ஓட்டம் துள்ளலாக மாறியது. ஒரு சின்னப் பெண்மான் ஒரு காரணமும் இல்லாமல் ஆகாசத்தில் எம்பிக் குதித்தது. அப்புறம் ஒவ்வொன்றாகத் தலை குனிந்து புல்லைக் கடித்தன.

டைரக்டர் கண்ணைத் திறந்தார். கிங்காவுக்கு அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் பார்வை கொட்டகை வாசலை விட்டு நகரவில்லை. ஃபசோலா இன்னும் வரவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகுதான் அது வந்தது. வாசலில் நின்று பார்த்தது. பிறகு கொட்டகைச் சுவரை ஒட்டி நடக்க ஆரம்பித்தது. பழைய முற்றத்தின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம் போயிற்று. திரும்பியது. மறுபடி அவ்வளவு தூரம், மறுபடி திருப்பம். அங்கே இல்லாத சுவருக்கு முன்னால் போய் நின்று நின்று திரும்பியது.

 இத்தனை பெரிய வெளியைக் கொடுத்தும் அது முற்றத்தைக் கூடவே கொண்டு வந்துவிட்டதே என்று கிங்காவுக்குத் தாங்கமுடியாத துக்கமாக இருந்தது. தனக்குச் சந்தேகமே இல்லை என்று எவ்வளவு திமிராகச் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டாள். கூட்டமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. தூக்கிய கைகள் வலித்து நடுங்க ஆரம்பித்திருந்தன. ஒருத்தரும் இறக்கவில்லை.

"அது ஏம்மா அப்படி நடக்குது?" பானி கெனோவேஃபாவின் குரல் மூச்சைவிட மெல்லியதாக இருந்தது.

"அவ்வளவுதான் எடம்னு நெனச்சுக்கிட்டு இருக்கு."

 பானி கெனோவேஃபாவின் உதடு முணுமுணுவென்று அசைந்தது. ஜெபம்தான் சொல்கிறார் என்று கிங்காவுக்குத் தெரிந்தது. வேண்டாமென்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்த ஃபசோலா ஒரு திருப்பத்தில் நின்றது. காற்று மேட்டுப் பக்கத்திலிருந்து வீசியது. மூக்கைத் தூக்கி மோந்தது. ஒரு காலை, எப்போதும் திரும்புகிற இடத்துக்கு அந்தப் பக்கம் எடுத்து வைத்தது. ஒன்றும் இடிக்கவில்லை. இன்னொரு கால். அப்புறம், ஏதோ வேலை இருப்பதுபோல, அவசரமில்லாமல் நேராக நடந்து மேட்டில் ஏறியது, அந்தப் பக்கம் இறங்கியது, இடுப்பளவுப் புல்லுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. காது நுனி கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

வேலி நெடுக நின்ற அத்தனை பேரும் வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"காணோமே," என்றார் டைரக்டர், மெல்ல.

"ஆமா," என்றாள் கிங்கா. கண்ணீர் கன்னத்தில் வழிந்து மோவாய்க்கு வந்துவிட்டது. அவளுக்குத் துடைக்கத் தோன்றவில்லை. "காணோம்."

 டைரக்டர் தன் கிளையை அவள் இன்னொரு கையில் கொடுத்தார். "சாக்கு இருக்கற கிடங்குச் சாவி என்கிட்டதான் இருக்கு. நானே போய்க் கொண்டாறேன். அது வரைக்கும் யாரையும் நகர விடாதீங்க," என்று சொல்லிவிட்டு, மேயரைக்கூடத் திரும்பிப் பார்க்காமல், பண்டிகைக் கோட்டோடு நடந்தார்.

அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த பானி கெனோவேஃபா தலையில் கட்டியிருந்த பூப்போட்ட துணியை அவிழ்த்தார். கைநிறைய இருந்த கிளைகளைச் சேர்த்துப் பிடித்து, அந்தத் துணியாலேயே கம்பியோடு இறுக்கி முடிச்சுப் போட்டார். போட்ட முடிச்சை ஒரு தடவை இழுத்தும் பார்த்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்கு?" என்று கேட்டாள் கிங்கா.

"இடி விழுந்தா விழட்டும்," என்றார் அவர். "ஓட்டை மாத்திக்கலாம்."

பக்கத்தில் நின்றவர் கழுத்துப் பட்டையை அவிழ்த்தார். அதற்கடுத்த பெண் பிள்ளையின் தலை ரிப்பனை உருவினாள். ஒவ்வொருவராகக் கட்டக் கட்ட, வேலி மறுபடியும் பச்சையாகிக்கொண்டு வந்தது. கிங்கா டைரக்டரின் கிளையைக் கட்டினாள். பிறகு தன்னுடையதையும் கட்டினாள். அந்த வேலியிலேயே நிஜமாக மந்திரித்த கிளை அது ஒன்றுதான்.